இரண்டு நாள் கூடு

எலியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது அவர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் இருக்கிறது. அந்த அட்டையோ எப்போதும் பின்பக்கம் திரும்பியே தொங்கும். ஆராய்ச்சி நிலையத்தின் வாசல் காவலரிலிருந்து ஆறாவது மாடிப் பேராசிரியர் வரை எல்லோருக்கும் அவர் எலியக்காதான். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநரான அவர் வீட்டுக்காரரும் அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் "எங்க வீட்டு எலியக்கா இப்பதான் வேலைக்குப் போச்சு" என்பார். அதில் கேலி பாதி, பெருமை பாதி.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் தாழ்வாரம் கூட்டத்தான் அவரை எடுத்தார்கள். எலி அறைக்காரர் ஒரு வாரம் விடுப்பில் போனபோது, தண்ணீர்ப் புட்டிகளை மட்டும் நிரப்பிவிட்டு வரச் சொல்லி உள்ளே அனுப்பினார்கள். உள்ளே போன எலியக்கா திரும்பவே இல்லை. எலிகளைப் பார்த்து அலறாத ஆள் கிடைப்பது அவ்வளவு அபூர்வமாக இருந்தது.

அறை கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாமல் இருக்கும். இரண்டு கதவுகள், வெளிக்கதவு மூடினால்தான் உள்கதவு திறக்கும். நடுவில் நின்று செருப்புக்கு உறை, உடம்புக்கு அங்கி, தலைக்குத் தொப்பி, முகமூடி, கையுறை என்று எல்லாம் மாட்ட வேண்டும். உள்ளே போனால் இரும்பு அடுக்குகளில் வரிசையாகப் பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மரத்தூள், மேலே கம்பி மூடி, மூடியில் தீனிப் பள்ளம், சாய்ந்து நிற்கும் தண்ணீர்ப் புட்டி. வாலைப் பிடித்துத் தூக்கினால் எலிக்கு வெறுப்பு வரும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கும் முன்பே எலியக்கா கண்டுபிடித்திருந்தார். இரண்டு கையையும் கிண்ணமாகக் குவித்து, அது தானாக ஏறும்வரை காத்திருப்பார். முகமூடிக்கு மேலே தெரியும் கண்ணை வைத்தே எலிகள் தன்னை அடையாளம் காண்கின்றன என்பது அவர் நம்பிக்கை. வாசனையால்தான் என்று படித்தவர்கள் எத்தனை முறை சொன்னாலும் அதை அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

எலிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது அறையின் விதி. எலியக்கா வைக்கவும் இல்லை. "அந்தத் தூங்குமூஞ்சி", "அந்த ஆபீசரம்மா" என்று குறிப்பிடுவதெல்லாம் பெயரில் சேராது என்பது அவர் கணக்கு.

அந்த அறைக்கு ஒருநாள் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் வந்தாள். டாக்டர் பட்டம் கைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பட்டினிக்கும் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கும் முதுமைக்கும் என்ன உறவு என்று பார்க்கப் போவதாகச் சொன்னாள். எலியக்கா புட்டி கழுவிக்கொண்டே விளக்கம் கேட்டார். வயதாக ஆகக் குடலின் உள்சுவர் தளர்ந்துபோகிறது, உள்ளே தங்க வேண்டியவை வெளியே கசிந்து உடம்பு முழுக்க எரிச்சலைக் கிளப்புகின்றன என்றாள் அவள். தீனி வராத நாட்களில் குடலில் சில வகை பாக்டீரியா குறைகிறது, சில வகை பெருகுகிறது. பெருகுவதில் சிலது அந்தச் சுவரைப் பூசிக் கெட்டியாக வைத்துக்கொள்ள உதவலாம். அதனால் முதுமை கொஞ்சம் சுகமாக வரலாம்.

"வருமா?" என்றார் எலியக்கா.

"வரலாம்."

"மனுஷங்களுக்குமா?"

"இருக்கலாம்க்கா. தெரியாது."

எதைக் கேட்டாலும் இதே பதில்தான். அன்று மாலை வீட்டில் எலியக்கா இதைச் சொல்லிச் சிரிக்க, வீட்டுக்காரர் அவளுக்கு 'இருக்கலாம் டாக்டர்' என்று பெயர் சூட்டிவிட்டார். வண்டி சரியான நேரத்துக்குப் போகுமா என்று பயணி கேட்டால் முப்பது வருஷமாகத் தானும் அப்படித்தான் சொல்லி வந்ததாகவும், தன்னை மட்டும் யாரும் டாக்டர் ஆக்கவில்லை என்றும் குறைப்பட்டுக்கொண்டார்.

வேலை தொடங்கியது. வயதான பெண் எலிகள், பெட்டிக்கு மூன்றாக நாற்பது பெட்டிகள். இடது அடுக்கில் இருபது பெட்டிகளுக்கு நீல அட்டை. அவற்றில் தீனி எந்நேரமும் இருக்கும். வலது அடுக்கில் இருபது பெட்டிகளுக்கு மஞ்சள் அட்டை; அவற்றுக்கு ஒருநாள் தீனி, ஒருநாள் பட்டினி. பட்டினி நாள் காலையில் மஞ்சள் பெட்டி எலிகளை அப்படியே புதுப் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும். பழைய பெட்டியிலிருந்து ஒரு துரும்பும் கூட வரக் கூடாது. வந்தால் அதில் சிந்திய தீனித் துணுக்கைத் தின்றுவிடும், அப்புறம் அது பட்டினியாகாது. இதையெல்லாம் இருக்கலாம் டாக்டர் இரண்டு பக்கத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். எலியக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதன்படியே செய்தார்.

எலிகளுக்குப் படுக்கப் பஞ்சு கொடுப்பது வழக்கம். அழுத்தி வைத்த சின்னப் பஞ்சுக் கட்டி ஒன்றைப் பெட்டியில் போட்டால், அவை பல்லால் பிய்த்து, உதறி, உருட்டிக் கிண்ணம் போல ஒரு கூடு கட்டிக்கொள்ளும். பட்டினி எலிகள் இதில் கெட்டிக்காரிகள். இரண்டு நாளில் குமிழ் போல மேலே மூடிய கூடு தயாராகிவிடும். மூன்றாம் நாள் காலையில் அது குப்பைக்குப் போய்விடும்; எலிகள் புதுப் பெட்டியில் புதுக் கட்டியோடு முதலிலிருந்து தொடங்கும். நாற்பத்தெட்டு மணி நேர உழைப்பை ஒரு கையால் அள்ளிக் குப்பைப் பையில் போடும்போது எலியக்காவுக்கு நெஞ்சு உறுத்தும். வீட்டில் பழைய துணியில் ஒரு முழம்கூட வீணாக்காத கை அது.

இடது அடுக்கிலோ வேறு நிலைமை. வயிறு முட்டத் தின்று கொழுத்த அந்தக் கிழவிகளில் சிலதுக்குப் பஞ்சைப் பிய்க்கவும் முடியாது. கட்டியைக் கடிப்பது போலக் கடித்துவிட்டு அதன்மேல் தலையை வைத்துப் படுத்துவிடும். மற்ற இரண்டும் மூலையில் ஒண்டிக் கிடக்கும். எட்டாம் நீலப் பெட்டியில் ஒருத்தி இருந்தாள், முதுகு கூன், ஒரு காது மடங்கியது. அவள் ஒருநாள் பஞ்சுக் கட்டியை முன்னங்காலால் அணைத்தபடி, அதை என்ன செய்வதென்றே மறந்துவிட்டவள் போல எலியக்காவை நிமிர்ந்து பார்த்தாள். எலியக்காவின் கையில் அப்போதுதான் வலது அடுக்கிலிருந்து எடுத்த ஒரு கூடு, முழுசாக, கதகதப்பாக இருந்தது.

அவர் சுவரில் ஒட்டிய தாளைப் படித்துப் பார்த்தார். மஞ்சள் பெட்டிக்குள் எதுவும் போகக் கூடாது என்று இருந்தது. மஞ்சள் பெட்டியிலிருந்து வெளியே வருவது எங்கே போக வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. கூட்டை உதறித் தீனித் துணுக்கு இல்லை என்று உறுதி செய்துகொண்டு எட்டாம் பெட்டியில் வைத்தார். ஐந்து நிமிஷத்தில் மூன்று கிழவிகளும் அதற்குள் போய்விட்டார்கள்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. கூடு கட்ட வக்கில்லாத நீலப் பெட்டிகள் ஏழு. மறக்காமல் இருக்க அந்த ஏழு அட்டைகளின் கீழ்மூலையில் நகப்பூச்சால் கடுகளவு சிவப்புப் புள்ளி வைத்தார். பட்டினி நாள் செவ்வாயில் விழும் வாரமெல்லாம் அந்தப் பெட்டிகளுக்கு மஞ்சள் வீட்டிலிருந்து ஒரு தயார்க் கூடு போனது. இதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பழைய ஸ்வெட்டர் கொடுப்பதை யாரும் அலுவலகத்தில் வந்து சொல்லிக்கொண்டிருப்பதில்லை, அவ்வளவுதான்.

இதற்கிடையே வீட்டில் வேறொரு பரிசோதனை நடந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் ஆயுள் நீளும் என்று முடிவு கட்டிய வீட்டுக்காரர், ஒரு திங்கட்கிழமை காலையில் தட்டைத் தள்ளி வைத்தார். மத்தியானம் வரை வீராவேசமாக இருந்தார். நாலு மணிக்கு நடைப்பயிற்சி என்று கிளம்பிப் போனவர், மீசையில் பிஸ்கட் தூளோடு திரும்பினார். எங்க பெட்டியில் தீனித் துணுக்கு இருந்தால் பட்டினியில் சேராது என்று எலியக்கா சொன்னதற்கு, தன் பெட்டியை யாரும் மாற்றவில்லையே என்று பதில் வந்தது. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர் இவர் என்று எலியக்கா டாக்டரிடம் சொன்னபோது மட்டும் அவள் 'இருக்கலாம்' என்று சொல்லவில்லை. எலிக்கு ஒத்துக்கொள்வது மனிதனுக்கு ஒத்துக்கொள்ளும் என்று இல்லை, அவர் தன் வைத்தியரைக் கேட்காமல் ஒருவேளைகூடத் தவறவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். வீட்டுக்காரர் அதை மிகுந்த பணிவோடு ஏற்றுக்கொண்டார்.

ஒரு வருஷம் போனது. இருக்கலாம் டாக்டருக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. எலிகளைச் சின்னக் கம்பியைப் பிடிக்க வைத்து, பிடி எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பாள். சுழலும் உருளைமேல் நடக்க விடுவாள். எச்சத்தைப் பொறுக்கிக் குட்டிக் குப்பிகளில் அடைப்பாள். சாப்பிட மறந்துவிடுவாள். பரிசோதனை எலிகளுக்குத்தான், உங்களுக்கு இல்லை என்று எலியக்கா தன் டப்பாவிலிருந்து பாதியை எடுத்து வைப்பார்.

கணக்கெல்லாம் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை, பேராசிரியர் கீழே வந்தார். எலியக்கா கழுவுதொட்டி அருகே புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் கையில் இருந்த தாளில் பட்டினி எலிகள் நன்றாகவே இருந்தன. சிக்கல் நீல அட்டைகளில். இருபதில் பதின்மூன்று எதிர்பார்த்தபடி தளர்ந்திருந்தன. ஏழு பெட்டிகள் மட்டும் பட்டினி எலிகளைப் போலவே உறுதியாக இருந்தன. எச்சத்தில் இருந்த பாக்டீரியாகூட மஞ்சள் வீட்டுச் சாயலில் இருந்தது. எலிகள் மாறிப் போயிருக்கின்றன, இல்லையென்றால் அட்டை மாறியிருக்கிறது, எங்கோ கவனம் தப்பியிருக்கிறது என்றார் பேராசிரியர். அப்படியானால் எதையும் நம்ப முடியாது. திங்கட்கிழமை கூட்டத்தில் மொத்தத்தையும் கைவிடுவதைப் பற்றிப் பேசியாக வேண்டும். இருக்கலாம் டாக்டர் தாழ்ந்த குரலில் பெட்டி எண்களை வாசித்தாள். மூன்று, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு, பதினாலு, பதினேழு, இருபது.

எலியக்காவின் கையிலிருந்து புட்டி நழுவியது. உடையவில்லை, பிளாஸ்டிக்தான். அந்த ஏழும் அவர் புள்ளி வைத்த பெட்டிகள்.

எலிகள் தங்கள் எச்சத்தையே தின்னும், அடுத்ததன் எச்சத்தையும் விடாது. அந்த அறையில் இருபத்து மூன்று வருஷம் இருந்தவருக்கு அது தெரியாதா? கூட்டை உதறியபோது அவர் தேடியது தீனித் துணுக்கை மட்டும்தான். பஞ்சில் ஒட்டியிருந்த எச்சத்தை ஒரு பொருளாகவே நினைக்கவில்லை.

பேராசிரியர் போனதும் சொல்லியிருக்கலாம். டாக்டர் அடுக்கின் முன் நின்று ஒவ்வொரு அட்டையாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே தவறினேன் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் முகம் அது. எலியக்கா அங்கியைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மாலையில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கேட்டார். கேலி செய்யவில்லை.

"நீ சொல்லலேன்னா யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"தெரியாது. அட்டை மாறிப்போச்சுன்னு முடிச்சிடுவாங்க. அந்தப் பொண்ணு கவனக்குறைவுன்னு ஆகிடும்."

"சொன்னா?"

"என்னை அந்த அறைக்குள்ள விட மாட்டாங்க."

வீட்டுக்காரர் மீசையை நீவினார். "அப்ப முடிவு பண்ணிட்டுத்தான் கேக்கற. நான் எதுக்கு? பக்கத்துல உக்காரத்தானே? உக்காந்திருக்கேன், போ."

மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை. டாக்டர் வந்திருப்பாள் என்று எலியக்காவுக்குத் தெரியும். வந்திருந்தாள். எலியக்கா பீடிகை எதுவும் போடவில்லை. எட்டாம் பெட்டியின் அட்டையை உருவி, கீழ்மூலையை விளக்குக்கு நேரே பிடித்தார்.

"இந்தச் சிவப்புப் புள்ளி நான் வெச்சதும்மா. ஏழு பெட்டியிலயும் இருக்கும். மஞ்சள் வீட்டுக் கூட்டை எடுத்து இதுங்களுக்குக் குடுத்தேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்."

டாக்டருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கவிழ்த்து வைத்திருந்த தீனிக் கூடையின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது மாசத்துலேர்ந்து. செவ்வாய்க்கிழமை. மூணு தடவை மட்டும் வியாழக்கிழமை ஆச்சு, எனக்குக் காய்ச்சல்."

"ஏன்க்கா?"

"அதுங்களால கட்ட முடியல. குளிருச்சு."

அவள் திட்டியிருந்தால் எலியக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் நோட்டை எடுத்து, கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டாள்: எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு, எத்தனை முறை, எவ்வளவு பஞ்சு. எலியக்காவுக்கு எல்லாம் நினைவிருந்தது. எழுதி முடித்ததும், "நீங்க போகலாம்" என்றாள். அக்கா என்ற சொல் அந்த வாக்கியத்தில் இல்லை. வீடுவரை எலியக்காவுக்கு அந்த இல்லாத சொல்தான் கேட்டுக்கொண்டே வந்தது.

திங்கட்கிழமை அவரை ஆறாவது மாடிக்குக் கூப்பிட்டார்கள். அத்தனை வருஷத்தில் அந்த மேஜையைத் துடைத்திருக்கிறாரே தவிர அதன் முன் உட்கார்ந்ததில்லை. அவர் சொன்னதையே மறுபடி சொன்னார், கூட்டாமல், குறைக்காமல். யாரோ ஒருவர் சிரித்தார், பேராசிரியர் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு டாக்டர் எழுந்தாள். கூடு எங்கே போக வேண்டும் என்று தாளில் எழுதாதது தன் தவறு என்றாள். எலியக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் இவர் பக்கம் திரும்பவில்லை.

விவாதம் நீண்டது. எலியக்காவுக்குப் பாதி புரிந்தது. பட்டினி எலியின் பாக்டீரியா பஞ்சோடு போய்ச் சேர்ந்து, பட்டினி கிடக்காத எலிகளையும் தேற்றியிருக்கலாம் என்றாள் டாக்டர். வெறும் கதகதப்பே காரணமாக இருக்கலாமே என்றார் பேராசிரியர். ஏழு பெட்டிகளையும் இரக்கப்பட்டுப் பொறுக்கியது ஒருவர்; சீட்டுப் போட்டுப் பொறுக்கவில்லை. அதனால் இதை நிரூபணம் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. கேட்கிற முறையில் கேட்க வேண்டும். அந்த ஏழு பெட்டிகளும் கணக்கிலிருந்து விலக்கப்படும், ஏன் விலக்கினோம் என்பது அறிக்கையில் உள்ளபடி எழுதப்படும். அடுத்த சுற்று புதிதாகத் தொடங்கும்.

எலி அறைக்கு வேறு ஆள் போடலாமா என்று ஒருவர் கேட்டார். டாக்டர் நோட்டை மூடினாள்.

"ஒரு வருஷம் முன்னால நடந்ததைத் தேதியோட சொன்னாங்க. விடுமுறை நாள்ல தானா வந்து சொன்னாங்க. இந்த வேலைக்கு எனக்கு வேற ஆள் வேண்டாம்."

கீழே இறங்கும்போது மின்தூக்கியில் இருவர் மட்டும். "இன்னும் கோவம்தான்" என்றாள் டாக்டர், கதவைப் பார்த்துக்கொண்டே. "இருக்கட்டும்" என்றார் எலியக்கா. "இருக்கலாம்னு சொல்லாம நேரா சொன்னீங்களே, அதுவே போதும்." டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான்.

இரண்டு மாதம் கழித்துப் புது எலிகள் வந்தன. சுவரில் இப்போது ஐந்து பக்கத் தாள். பட்டினி எலிகளுக்குத் தனி அடுக்கு. மறுபக்கம் முப்பது பெட்டி, எல்லாம் முழுத்தீனிக் கிழவிகள். டாக்டர் விளக்கினாள்: பத்துப் பெட்டிக்குப் பட்டினி எலிகள் கட்டிய கூடு, பத்துக்கு மற்ற முழுத்தீனி எலிகள் கட்டிய கூடு, பத்துக்கு மனிதக் கையால் பிய்த்துக் கட்டிய சுத்தமான புதுக் கூடு. கதகதப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால்தான், வித்தியாசம் வந்தால் அது எதனால் என்று பார்க்க முடியும்.

"அப்ப எல்லாருக்குமே கூடு உண்டா?" என்றார் எலியக்கா.

"எல்லாருக்கும் உண்டுக்கா. யாரோட கூடுங்கறது மட்டும் சீட்டு சொல்றபடி."

அந்த 'க்கா' திரும்பி வந்துவிட்டதை எலியக்காவின் காது பிடித்துக்கொண்டது. முகமூடி போட்டிருந்தது நல்லதாயிற்று.

சீட்டு எடுக்கும் கை அவருடையதாகவே இருக்கட்டும் என்றாள் டாக்டர். எஃகுக் கிண்ணத்தில் மடித்துப் போட்ட முப்பது சீட்டுகள். பெட்டி எண்ணைச் சொல்லி ஒன்றொன்றாக எடுத்தார். பதினொன்றாம் பெட்டியில் ஒருத்தி இருந்தாள், வந்த நாளிலிருந்து பஞ்சுக் கட்டியை அணைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறவள். அவளுக்குப் பட்டினி வீட்டுக் கூடு விழ வேண்டும் என்று எலியக்கா மனசுக்குள் வேண்டிக்கொண்டார். சீட்டைப் பிரித்தார். சுத்தமான புதுக் கூடு என்று இருந்தது.

ஒரு நொடி அவர் கை கிண்ணத்தின் மேலேயே நின்றது. டாக்டர் அதைப் பார்த்தாள். எலியக்கா சீட்டை அவளிடம் கொடுத்தார்.

"பதினொண்ணு, புதுக் கூடு. எழுதிக்குங்க."

பிறகு கையுறையை மாற்றிக்கொண்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பஞ்சுக் கட்டியைப் பிய்க்கத் தொடங்கினார். புதுக் கூடுகள் பத்தும் ஒரே எடை இருக்க வேண்டும் என்பது தாளில் இருந்தது. ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்த்தார். மேலே குமிழ் போல மூடி, பக்கத்தில் நுழைய ஒரு வழி விட்டு, பட்டினி எலிகள் கட்டுகிற மாதிரியே பத்துக் கூடுகள். பதினொன்றாம் பெட்டிக்கு வைத்த கூடு மற்ற ஒன்பதைவிட ஒரு இழைகூட அதிகமில்லை. அவளை இரண்டு கையிலும் ஏந்தி அதன் வாசலில் இறக்கிவிட்டு, அவள் உள்ளே போகும்வரை மட்டும் நின்றிருந்தார்.